வீலைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்
வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி எழுதும்போது, "சில கார்களில் நாலு வீலுக்குக் கிடைக்கும் மதிப்பு இன்ஜினுக்குக்கூடக் கிடைக்காது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் கேள்வி அனுப்புவீர்கள் என்று நினைக்கவில்லை. மனசுக்கு நிறைவாக இருந்தது. பழைய வீல்களைப் புதுப்பிப்பதுதான் முப்பது வருடமாக என் வேலை. அதனால் இந்த இதழில் வேறு எதையும் தொடவில்லை. முழுக்க வீல்தான்.

கேள்வி: பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வீல்களில் ஒன்று மட்டும் பல மடங்கு விலை போகிறது. இரண்டுமே அதே காருக்குப் பொருந்தும் என்கிறார்கள். அப்படி என்னதான் வித்தியாசம்?

பதில்: இதை எழுதும்போது என் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு ஃபுக்ஸ் வீல்கள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. இரண்டும் போர்ஷே 911-க்கானவை. இரண்டும் 15 அங்குல விட்டம், 6 அங்குல அகலம். ஐந்து போல்ட் துளைகளும் 130 மில்லிமீட்டர் வட்டத்தில். ஆஃப்செட்கூட, அதாவது வீலின் நடுக்கோட்டுக்கும் அது காரில் போய்ப் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்கூட, இரண்டுக்கும் 36 மில்லிமீட்டர்தான். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மாட்டினால் கார் ஓடுவதில் ஒரு மாற்றமும் தெரியாது.

ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். இடது பக்கம் இருப்பதில் நடுப்பகுதி உள்ளே தள்ளி அமர்ந்து, வீல் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். வெளி விளிம்பில் வெளிச்சம் விழுந்தால் அகலமான ஒரு வளையம் பளிச்சென்று தெரியும். வலது பக்கத்து வீலின் முகம் தட்டையாக, விளிம்போடு ஒட்டி இருக்கும். குழிந்ததை 'டீப் சிக்ஸ்' என்பார்கள். 1969 முதல் 1971 வரைதான் அது வந்தது. 911எஸ் காரில் போட்டார்கள். அதற்கப்புறம் அதே அளவில் தட்டையான வடிவம் வந்துவிட்டது. அதை 'ஃபிளாட் சிக்ஸ்' என்று சொல்வார்கள். இப்போது 1970-ஆம் வருடத்து 911எஸ் ஒன்றைச் சரியாகப் புதுப்பிக்க நினைப்பவருக்கு ஃபிளாட் சிக்ஸ் உதவாது. அவருக்குக் குழிந்ததுதான் வேண்டும். அவரைப் போல எத்தனையோ பேர், மூன்று வருடம் மட்டும் செய்த ஒரு பொருளுக்குப் போட்டி போடுகிறார்கள். மதிப்பு அங்கேதான் பிறக்கிறது.

ஃபுக்ஸ் வீலின் கதையையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1966-இல் 911எஸ் வந்தபோது அதோடு சேர்ந்து வந்தது. ஜெர்மனியில் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஊரில் இருக்கும் ஓட்டோ ஃபுக்ஸ் நிறுவனம் செய்தது. முதலில் அகலம் நாலரை அங்குலம்தான்! இன்று பார்த்தால் சைக்கிள் சக்கரம் போல ஒல்லியாகத் தெரியும். அப்போதெல்லாம் அலாய் வீல் என்றால் பெரும்பாலும் வார்ப்பு. உருக்கி அச்சில் ஊற்றுவார்கள். ஃபுக்ஸ்காரர்கள் அலுமினியக் கட்டியைச் சூடேற்றி, பெரிய அழுத்த இயந்திரத்தில் பல கட்டங்களாக அமுக்கி, ஐந்து இதழ் விரிந்த பூ மாதிரி ஒரு வடிவத்தை எடுத்தார்கள். அப்புறம் ஓரத்தை உருட்டி ரிம் ஆக்கினார்கள். அமுக்கிச் செய்த உலோகத்தில் காற்றுக் குமிழி இருக்காது. அதனால் குறைந்த எடையிலேயே பலம் கிடைக்கும். அரை நூற்றாண்டு ஓடிய ஃபுக்ஸ் வீல்கள் இன்னும் நேராகச் சுற்றுவதை நானே டயல் கேஜ் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் குடும்பத்திலேயே உச்சத்தில் இருப்பது '7ஆர்'. 1967-இல் பந்தயத்துக்கென்று மிகக் குறைந்த எண்ணிக்கையில் கட்டிய 911ஆர் காரின் பின் சக்கரம், 7 அங்குல அகலம். இரண்டே இரண்டு முறைதான் அது என் கைக்கு வந்திருக்கிறது. இரண்டாவது தடவை, எடுத்து வந்தவர் திருப்பிக் கேட்கும்வரை அதை விட்டு நகரவே மனசு வரவில்லை.

கேள்வி: அரிதாக இருந்தாலே விலை வந்துவிடுமா?

பதில்: வராது. யாரும் தேடாத ஒரு காருக்கு ஐம்பதே ஐம்பது வீல் செய்திருந்தாலும், அந்த ஐம்பதும் ஏதாவது கொட்டகையில் கிடந்து தூசிதான் படியும். காரைத் தேடுகிறவர்கள் இருக்க வேண்டும். அந்தக் காருக்கு அந்த வீல் இல்லாமல் முடியாது என்ற நிலையும் இருக்க வேண்டும். டொயோட்டா 2000ஜிடி காரை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் சுமார் 350 கார்கள்தான் கட்டினார்கள். அதன் மெக்னீசிய வீல் வேறு எந்தக் காரிலும் வந்ததில்லை. ஒன்று உடைந்துபோனால் இன்னொரு 2000ஜிடி உரிமையாளரிடம்தான் போய் நிற்க வேண்டும். அவர் எதற்குக் கொடுக்கப் போகிறார்?

இன்னொரு பக்கம் ஜாகுவார் இ-டைப் இருக்கிறது. அதன் 72 கம்பி டன்லப் வீல் எவ்வளவு அழகு! ஆனால் இ-டைப் பல்லாயிரக்கணக்கில் விற்ற கார். அதே அளவில் கம்பி வீல்களை இன்றும் புதிதாகச் செய்து தருகிறார்கள். அதனால் பழசுக்கென்று பெரிய தனி விலை இல்லை. ஓட்டுவதற்குப் புதிதாகச் செய்ததே மேல் என்று நானே சொல்லி அனுப்புவேன்.

கேள்வி: தயாரிப்பில் குறை இருந்த வீலுக்குக்கூட அதிக விலை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: உண்மைதான். 1963 ஷெவர்லே கார்வெட்டைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வருடம் பி48 என்ற எண்ணில், நடுவில் ஒரே நட்டு போட்டு இறுக்கும் அலுமினிய வீல்களை விருப்பத் தேர்வாக அறிவித்தார்கள். செய்தது கெல்சி-ஹேய்ஸ் நிறுவனம். வார்ப்பில் ஊசித் துளைகள் இருந்தன; டியூப் இல்லாத டயரைப் போட்டால் காற்று மெல்ல மெல்லக் கசிந்தது. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் வருடம் ஓடிவிட்டது. 1963-இல் தொழிற்சாலையிலிருந்தே அந்த வீலோடு வெளியே போன கார் எதாவது உண்டா என்று கார்வெட் ஆர்வலர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நட்டைப் பார்த்தாலே தொடக்க காலத்து வீலை அடையாளம் காணலாம்: அதற்கு இரண்டு சிறகு, பின்னால் வந்ததற்கு மூன்று.

அதே கதையின் அடுத்த முனை 1967. சிறகு நட்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது நடந்து போகிறவர்களுக்கு ஆபத்து என்று அமெரிக்காவில் பாதுகாப்பு விதி வந்தது. அதனால் அந்த வருடம் அதே தோற்றத்தில், ஐந்து போல்ட் வைத்து இறுக்கும் அலுமினிய வீலைக் கொடுத்தார்கள். 1968-இல் காரின் உடலே மாறிவிட்டது, அந்த வீலும் போய்விட்டது. ஒரே ஒரு வருடம் மட்டும் வந்த பொருள். 1967 கார்வெட் வைத்திருப்பவர்களுக்கு அதன் மேல் இருக்கும் ஆசை சொல்லி மாளாது.

கேள்வி: மெக்னீசியம் வீல் என்கிறார்கள், அலுமினியம் வீல் என்கிறார்கள். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? மெக்னீசியத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

பதில்: பெயின்ட் அடித்திருந்தால் கண்ணால் முடியாது. கையால் முடியும். ஒரு கன சென்டிமீட்டர் மெக்னீசியம் 1.74 கிராம், அலுமினியம் 2.7 கிராம், இரும்பு கிட்டத்தட்ட 7.9 கிராம். ஒரே வடிவத்தில் இரண்டு வீல்களை இரண்டு கையிலும் தூக்கிப் பாருங்கள், மெக்னீசியம் இருக்கும் கை தானாக மேலே போகும். சந்தேகம் தீரவில்லை என்றால் பின்பக்கத்தில் கண்ணில் படாத ஓரிடத்தில் லேசாகச் சுரண்டி, வெறும் உலோகத்தின் மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். மெக்னீசியம் என்றால் உடனே நுரைக்கும். அலுமினியம் சும்மா இருக்கும். உடனே துடைத்துவிட்டு அந்த இடத்தைப் பூசி மூடிவிடுங்கள்.

மரியாதைக்குக் காரணம் பந்தயம். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறையக் குறைய, மேடு பள்ளத்தில் டயர் தரையை விடாமல் பிடிக்கும். அதோடு வீல் சுற்றுகிற பொருள். அதைச் சுற்றவைக்கவும் நிறுத்தவும் ஆகும் சக்தியும் மிச்சம். லோட்டஸ்காரர்கள் 1950-களின் கடைசியில் அலை அலையாக வளைந்த ஒரே தட்டாக மெக்னீசியத்தில் வீலை வார்த்தார்கள். 'வாப்ளி வெப்' என்று அதற்குச் செல்லப் பெயர். அமெரிக்காவில் டெட் ஹாலிபிராண்ட் மெக்னீசிய வீல்களை இண்டியானாபொலிஸ் பந்தயக் கார்களுக்குச் செய்தார். ஷெல்பி கோப்ராவிலும் ஃபோர்டு ஜிடி40-யிலும் ஓடியவை அவருடைய வீல்கள்தான். இத்தாலியில் விச்சென்சா ஊரின் கம்பஞோலோ, 1933-இல் சைக்கிள் பாகங்கள் செய்யத் தொடங்கிய நிறுவனம், ஆல்ஃபா ரோமியோ ஜிடிஏவுக்கும் லம்போர்கினி மியூராவுக்கும் மெக்னீசியத்தில் செய்து கொடுத்தது. மியூரா வீலைக் கையில் வாங்கும்போது இவ்வளவு அகலமான பொருள் இவ்வளவு லேசாக இருக்குமா என்று ஒரு கணம் கை ஏமாந்துபோகும்.

பிரிட்டனில் மினிலைட். நடுவிலிருந்து ரிம்முக்குப் போகும் எட்டுக் கால், மினி கூப்பர் ராலி கார்களால் பெயர் பெற்றது. முதலில் மெக்னீசியம், பின்னால் அலுமினியம். ஜப்பானில் யோகோஹாமாவின் வாடனாபே வீலும் எட்டுக் கால்தான். அதிலும் மெக்னீசியம் உண்டு, அலுமினியம் உண்டு. இந்த இரண்டிலும் வடிவம் ஒன்று, உலோகம் வேறு. அதனால்தான் வினிகரைப் பற்றி இவ்வளவு சொன்னேன். வடிவத்துக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு மெக்னீசியம் வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

கேள்வி: அப்படியானால் பழைய மெக்னீசிய வீலைக் காரில் போட்டு ஓட்டலாமா?

பதில்: சோதிக்காமல் ஓட்டாதீர்கள். இதைத் தயவுசெய்து என் வேண்டுகோளாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மெக்னீசியம் ஈரத்தைத் தாங்காது. பூச்சு ஒரு இடத்தில் விட்டால் போதும், அடியில் புகுந்து அரிக்கும். வெளியே பெயின்ட் கொப்புளம் மாதிரி எழும்பும். அமுக்கினால் வெள்ளைப் பொடியாக உதிரும். இரும்பு போல்ட்டோடு ஈரத்தில் சேர்ந்து இருந்தால் இன்னும் மோசம். இரும்புக்காக மெக்னீசியம் கரைந்துகொண்டே இருக்கும். போல்ட் துளையைச் சுற்றித்தான் முதலில் பார்க்க வேண்டும். அடுத்ததாக, கால் வந்து ரிம்மில் சேரும் மூலை. பந்தயக்காரர்கள் இந்த வீல்களைக் காலாகாலத்துக்கும் ஓடும் பொருளாக நினைத்ததே இல்லை. சில பந்தயம் ஓட்டிவிட்டுக் கழித்துக்கட்டுவார்கள். அப்படிக் கழித்தவையும் இன்று விற்பனைக்கு வருகின்றன.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன்னால் நாலு மெக்னீசிய வீல்கள் ஒரு செட்டாக வாங்கினேன். தடிமனான கறுப்புப் பவுடர் பூச்சு, கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. விற்றவர் அப்போதுதான் புதுப்பித்ததாகச் சொன்னார். பூச்சைக் கரைத்து எடுத்தேன். மூன்று வீல் சுத்தமாக இருந்தன. நாலாவதில் இரண்டு கால்களுக்கு நடுவே விரல் நீளத்துக்கு வெல்டிங் செய்து அரம் போட்டுத் தேய்த்திருந்தார்கள். சிவப்புச் சாயத்தைத் தடவி, கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் படலம் தெளித்தேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, வெல்டிங்கின் ஓரமாகச் சிவப்பு நூல் போல ஒரு கோடு எழுந்தது. வெல்டிங் செய்த இடத்துக்கு அப்பாலும் அந்த வெடிப்பு போய்க்கொண்டிருந்தது. அந்த வீலை ஒருவர் நெடுஞ்சாலையில் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த வீல் இன்றும் என் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதலில் காட்டுவது அதைத்தான்.

சாயச் சோதனை மேல்பரப்பு வெடிப்பைக் காட்டும். வார்ப்புக்கு உள்ளே இருக்கும் குழியைப் பார்க்க எக்ஸ்ரே வேண்டும். இரண்டும் செய்து அறிக்கையோடு வரும் மெக்னீசிய வீலுக்கு விலை கூடுதலாகக் கேட்டால், அது நியாயமான விலை.

இன்னொன்று. மெக்னீசியத்தைக் கடையும்போதும் தேய்க்கும்போதும் விழும் தூளும் சுருளும் எளிதில் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றினால் அணையாது, ஹைட்ரஜன் கிளம்பி இன்னும் கொழுந்துவிட்டு எரியும். வீட்டில் கிரைண்டரை எடுத்து இதைத் தேய்க்காதீர்கள்.

கேள்வி: ஒரு வீல் அசல்தானா என்று நீங்கள் எப்படி முடிவு செய்வீர்கள்?

பதில்: தரையில் துணி விரித்து, வீலைக் குப்புறப் போடுவேன். முகத்தை யார் வேண்டுமானாலும் அழகாக்கிவிடலாம், பின்பக்கத்தில்தான் பிறந்த கதை எழுதியிருக்கும். ஃபுக்ஸ் வீலின் பின்னால் நிறுவனத்தின் முத்திரை, பாக எண், அளவு, அதோடு செய்த மாதமும் வருடமும் குத்தியிருக்கும். காரின் தயாரிப்புத் தேதிக்குச் சில மாதங்கள் முன்னால் அந்தத் தேதி இருந்தால் மனசு குளிரும். கார் கட்டி முடித்ததற்குப் பிந்தைய தேதி இருந்தால், வீல் அசலாகவே இருந்தாலும் அந்தக் காரோடு பிறந்தது இல்லை என்று புரிந்துவிடும். நாலிலும் தேதி நெருக்கமாக அமைந்த செட் என்றால், தனித்தனியாகச் சேர்த்த நாலு வீலைவிட அதற்கு மதிப்பு கூட.

இத்தாலிக் கம்பி வீல்களுக்கு வேறு முத்திரை. மிலான் நகரத்தின் பொர்ரானி 1922-இல் தொடங்கியது, பிரிட்டனின் ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனத்திடம் உரிமம் வாங்கிச் செய்தது. அந்த இரண்டு எழுத்துதான் 'ஆர்.டபிள்யூ.' என்று ரிம்மில் குத்தியிருக்கும், பக்கத்தில் மாடல் எண். ஃபெராரி 250 வரிசைக் கார்களுக்கு எந்த எண் வந்தது என்பது அந்தக் கார்களோடு பழகியவர்களுக்கு மனப்பாடம். ரிம் அலுமினியம், கம்பி எஃகு. ஒரு கம்பியை இறுக்கினால் எதிர்ப்பக்கம் இழுக்கும், அதைத் தளர்த்தினால் இன்னொன்று ஆடும். ஒரு பொர்ரானி வீலை நேராக்க எனக்கு ஒரு முழு நாள் ஆகும். அந்த நாளில் வேறு வேலை எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எழுத்தின் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். உலோகத்தில் அடித்துக் குத்திய எழுத்து ஓரத்தில் கொஞ்சம் மேடு தட்டியிருக்கும். வார்ப்பில் வந்த எழுத்து மழுங்கி, வீலின் மற்றப் பரப்பு மாதிரியே மணல் சொரசொரப்போடு இருக்கும். அண்மையில் யாராவது செதுக்கிச் சேர்த்திருந்தால் எழுத்துக்குள் மட்டும் உலோகம் பளபளக்கும். ஐம்பது வருட அழுக்கு நடுவே அது எப்படி வந்தது?

ஸ்பேர் வீலை மறந்துவிடாதீர்கள். டிக்கிக்குள் வெயில், மழை, பிரேக் தூள் எதுவும் படாமல் படுத்துக் கிடந்தது அது. அந்தக் காரின் வீலுக்குத் தொழிற்சாலையில் என்ன நிறம் பூசினார்கள், எவ்வளவு பளபளப்பு வைத்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் நான் முதலில் தேடுவது ஸ்பேரைத்தான். ஐந்தும் சேர்ந்த செட் கிடைப்பது பெரிய விஷயம்.

கேள்வி: என்னிடம் இருக்கும் வீல்களை நன்றாகப் பாலிஷ் செய்து விற்றால் நல்ல விலை கிடைக்கும்தானே?

பதில்: வேண்டாம். கையை வைக்காதீர்கள்!

இதைச் சொல்வதற்கே இந்த இதழில் எனக்கு இடம் வேண்டியிருந்தது. பழைய ஃபுக்ஸ் வீலின் மேல் அனோடைஸ் செய்த ஒரு மெல்லிய படலம் உண்டு. அலுமினியத்தின் மேற்பரப்பையே ஆக்சைடாக மாற்றிக் கெட்டியாக்கியது அது. பட்டுத் துணி மாதிரி அடங்கின ஒரு மினுமினுப்பு. பாலிஷ் சக்கரத்தில் வைத்தால் முதலில் போவது அந்தப் படலம்தான். அப்புறம் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும், எல்லாரும் ஆகா என்பார்கள். கொஞ்ச நாளில் மங்கும், மறுபடி பாலிஷ். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உலோகம் போகும். இதழ்களின் கூரான ஓரம் சோப்புக் கட்டி தேய்ந்த மாதிரி உருண்டுவிடும். போனது திரும்பி வராது.

ஒரு பெரியவர் ஒரு செட் வீல்கள் கொண்டுவந்தார். அழுக்கு, தார்ப் புள்ளிகள், ஓரத்தில் டயர் மாற்றிய கம்பி பட்ட இரண்டு வடு. "எல்லாத்தையும் புதுசு மாதிரி ஆக்கிடுங்க" என்றார். ஒரு வீலை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவி, பழைய பருத்தித் துணியால் துடைத்து வெயிலில் வைத்தேன். அடியிலிருந்து அந்தப் பட்டு மினுமினுப்பு அப்படியே வெளியே வந்தது. பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்ப இது போதும்" என்றார். நாலையும் கழுவினேன், வேறு எதுவும் செய்யவில்லை. அந்த இரண்டு வடுவும் இன்னும் அதில்தான் இருக்கின்றன.

பவுடர் பூச்சும் எனக்கு உடன்பாடு இல்லை. அதைக் கெட்டியாக்கச் சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைப்பார்கள். பழைய உலோகக் கலவையைத் திரும்பத் திரும்ப அந்தச் சூட்டில் வைப்பது நல்லதில்லை. அதைவிட, பூச்சு தடிமனாக இருப்பதால் வெடிப்பை மறைத்துவிடும். மேலே சொன்ன நாலாவது வீலை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு அசல் வீல், மூன்று மறுதயாரிப்பு வீல்கள். இப்படி ஒரு செட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: ஓட்டுவதற்கு என்றால் தாராளமாக. நல்ல மறுதயாரிப்பு வீல் பழைய வீலைவிடப் பாதுகாப்பாகவே இருக்கும், மறைத்து விற்காதவரை அதில் குற்றம் ஒன்றும் இல்லை. மெர்சிடிஸ் 300எஸ்எல் காருக்கு விருப்பத் தேர்வாக வந்த ரட்ஜ் சென்டர்-லாக் (நடுவில் ஒரே நட்டு போட்டு இறுக்கும்) வீலுக்கும் மறுதயாரிப்பு உண்டு. ஓட்டும்போது அதைப் போட்டுக்கொண்டு, அசலைப் பத்திரமாக எடுத்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். அது புத்திசாலித்தனம்.

கேள்வி: 1980-களின் வீல்களையும் இந்த வரிசையில் சேர்க்கலாமா? என்னிடம் பிபிஎஸ் ஆர்எஸ் செட் ஒன்று இருக்கிறது.

பதில்: சேர்க்கலாம், ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. ஜெர்மனியின் ஷில்டாக் ஊரில் 1970-இல் தொடங்கிய நிறுவனம். ஆர்எஸ் வீல் மூன்று துண்டு: நடுவில் வலை மாதிரி முகம், சுற்றிலும் இரண்டு ரிம் பாகம், சேர்த்துப் பிடிக்கச் சின்னச் சின்ன போல்ட்டுகள். ரிம் பாகங்களை மாற்றி அகலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதனால் மதிப்பெல்லாம் நடு முகத்தில்தான் நிற்கிறது. அதன் பின்னால் ஆர்எஸ் என்ற எழுத்தோடு ஒரு எண் இருக்கும். எந்த அளவுக்காக, எந்த போல்ட் வட்டத்துக்காகப் பிறந்தது என்று அது சொல்லிவிடும். போல்ட்டுகளை நீங்களே பிரிக்காதீர்கள். மறுபடி மாட்டும்போது சரியான இறுக்கம் வேண்டும், இரண்டு பாதிக்கும் நடுவே காற்றுக் கசியாமல் சீலன்ட்டும் போட வேண்டும்.

கேள்வி: அப்பா விட்டுப்போன பெட்டியில் நாலு சிறகு நட்டுகள் இருக்கின்றன. வீல்கள் இல்லை. இவற்றுக்கு ஏதாவது மதிப்பு உண்டா?

பதில்: உண்டு. தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சென்டர்-லாக் வீலை வாங்குகிறவருக்கு வீல் மட்டும் போதாது. வீல் போய் உட்காரும், பல் வெட்டிய ஹப்பும் வேண்டும், நட்டும் வேண்டும். மூன்றும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ரட்ஜ் முறையில் 42, 52, 62 என்று தனித்தனி அளவுகள் உண்டு, ஒன்று இன்னொன்றில் ஏறாது.

நட்டின் முகத்தில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டிஷ் கார்களுடையது என்றால் கழற்ற வேண்டிய திசைக்கு அம்புக்குறியும், இடது பக்கமா வலது பக்கமா என்றும் போட்டிருக்கும். கார் ஓட ஓட நட்டு தளராமல் இருக்க, இரண்டு பக்கத்துக்கும் மரையை எதிரெதிராக வெட்டியிருப்பார்கள். அதனால் இரண்டு இடது, இரண்டு வலது இருந்தால்தான் செட். மூன்று இடது, ஒரு வலது என்றிருந்தால் வாங்குகிறவர் இன்னொரு வலதைத் தேடி அலைய வேண்டியிருக்கும். சிறகுகளில் சுத்தியல் அடி பட்ட தடம் இருக்கும், அதைத் தேய்க்க வேண்டாம். ஒவ்வொரு தடவை வீல் கழற்றும்போதும் செம்பு அல்லது ஈயச் சுத்தியலால் அப்பா தட்டிய அடையாளம் அது. மரைக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி, நாலையும் தனித்தனித் துணியில் சுற்றி வையுங்கள். அப்புறம் எழுத்தும் அளவும் தெரியும்படி படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்தக் காருடையது என்று பார்த்துச் சொல்கிறேன்.